கொல்லையில் எரிந்த அடுப்பு

கடுகு வெடிக்கத் தொடங்கியதுமே வைதேகி அடுப்பை அணைத்தாள். அதற்குள் வாசனை அவளை முந்திக்கொண்டு போய்விட்டது. கூடத்துக்கு அப்பால் நடு அறையில் படுத்திருந்த அனந்தராமன் எழுந்து உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்த பேசினை எடுத்து அவள் பிடித்தாள். காலையில் மல்லுக்கட்டிக் குடித்த கஞ்சி அப்படியே வெளியே வந்தது.

“ரசமா?” என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு.

“ஆமா.”

“நன்னாத்தான் பண்ணியிருப்பே.”

அவள் பேசினை அலம்பக் கொண்டுபோனாள். குழாயடியில் நின்று, தண்ணீரை வேண்டியதற்கு மேலேயே திறந்துவிட்டாள்.

புற்றுநோய்க்கு இரண்டு தடவை மருந்து ஏற்றியாகிவிட்டது. மாசி முடிவதற்குள் மூன்றாவது. அதற்குள் எடை மேலும் குறைந்தால் தாங்கமாட்டார், தள்ளிப்போட வேண்டியிருக்கும், தள்ளிப்போடுவது நல்லதில்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். “எதையாவது சாப்பிட வையுங்க. எதுவா இருந்தாலும் சரி.” எதுவாக இருந்தாலும் சரி என்பதுதான் சிரமமாக இருந்தது. வைதேகி சமைக்காத பண்டம் இல்லை. சமைத்தது அவர் வாய்க்குப் போவதற்கு முன்பே அதன் வாசனை போய் அவரைப் புரட்டி எடுத்தது. பெருங்காயம் ஆகவில்லை, நெய் ஆகவில்லை, கடைசியில் சோறு கொதிக்கும் ஆவிகூட ஆகவில்லை. வாசனை அடங்கி ஆறிப்போனதாக இருந்தால் இரண்டு வாய் உள்ளே போகும். ஆறுவதற்கு முன்னால் அது சமைந்தாக வேண்டுமே.

காந்தி நகரில் அந்த வீட்டை அவருடைய அப்பா சாஸ்திரப்படி கட்டியிருந்தார். சமையலறை அக்னி மூலையில். மத்தியானம் கடற்காற்று எழுந்தால் முதலில் சமையலறைக்குள் நுழைந்து, அங்கிருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு வீடு முழுக்கப் போய்வரும். இத்தனை வருஷம் அது இந்த வீட்டின் பெருமையாக இருந்தது. மயிலாப்பூர் மெஸ்ஸிலிருந்து கேரியர் வரவழைத்துப் பார்த்தாள். திறந்ததும் அதே கதை.

அன்று மத்தியானம், கைகளைத் துடைத்துக்கொண்டே கொல்லைக்கதவில் நின்றபோது, மேற்கு மதிலோரம் மாமரத்தடியில் நீலத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த அது அவள் கண்ணில் பட்டது. தினமும் படுவதுதான்.

அது அனந்தராமன் வாங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பெசன்ட் நகரில் குடியிருந்த ஒரு ஜெர்மன் என்ஜினியர் ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது, வீட்டுச் சாமான்களை விற்கிறார் என்று யாரோ சொல்லிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் காபி டம்ளரைக் கையில் பிடித்தபடி, கல்லூரியில் பௌதிகம் நடத்திய அதே குரலில் சாதக பாதகங்களைச் சொல்லத் தொடங்கினார். எதற்கும் அவருக்கு அது வேண்டும். மகள் மாளவிகாவின் கல்யாணத்தின்போது நாகபுரி மாப்பிள்ளையைப் பற்றிக்கூட இப்படித்தான் சொல்லிப் பார்த்தார். பாதகத்தில் “நாகபுரி வெயில்” என்று ஒன்று இருந்தது.

“அஞ்சு வேலை பண்ணும் வைதேகி. நடுவுல கரி போட்டுச் சுடலாம். பக்கத்துல ஒரு காஸ் பர்னர். இரும்புத் தட்டு ஒண்ணு இருக்கு, ஒரே சமயத்துல நாலு தோசை வார்க்கலாம். மூடியை மூடினா உள்ள கேக் பண்ணலாம். கீழ சின்ன டப்பா, மரத்தூள் போட்டா எல்லாத்துக்கும் புகை போட்டுக் குடுக்கும்.”

“நம்மாத்துல எதுக்குப் புகை போடறதாம்?”

அவர் யோசித்தார். “கொசுவுக்கு” என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். “அதுல அவா மாட்டைச் சுட்டிருப்பாளா மாட்டாளா?”

“சுட்டிருக்கலாம். அதைத்தான் பாதகத்துல முதல்ல வச்சிருக்கேன்.”

மறுநாள் அது மீன்பாடி வண்டியில் வந்து இறங்கியது. கறுப்பாக, வளைந்த கனத்த மூடியோடு, கீழே இரண்டு சக்கரங்களோடு. அனந்தராமன் அதைக் கொல்லைக்குத் தள்ளிக்கொண்டு போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கரியை நிரப்பிக் கம்பிகள் சிவக்கும்வரை எரித்தார். புளி போட்டுத் தேய்த்தார். கீல்களுக்கு எண்ணெய் விட்டார். வைதேகி கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அது வீட்டுக்குள் வரக்கூடாது என்றும், அதில் ஒரு அப்பளம்கூடத் தான் சுடப்போவதில்லை என்றும் சொன்னாள். அவர் ஒரு தடவை தானே தோசை வார்த்து, மாமரத்தடியில் நின்றபடி தனியாகத் தின்றார். நன்றாக இருக்கிறது என்று உரக்கச் சொன்னார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த மழைக்குத் தார்ப்பாய் போட்டார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

மண்ணாங்கட்டி பாத்திரம் தேய்க்க வந்தபோது வைதேகி தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மண்ணாங்கட்டி ஊரூர் குப்பத்துக்காரி. மூத்த பிள்ளைகள் தங்காததால், எமன் இதையாவது சீந்தாமல் போகட்டும் என்று அவளுக்கு வைத்த பெயர். அந்தப் பெயரைப் பற்றி அவளுக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

“இன்னாம்மா இது, ரயில் இஞ்சினாட்டம் கீது?”

“அடுப்பு.”

“இத்தாம் பெரிய அடுப்பா? யார் கண்ணாலத்துக்கு ஆக்கப்போறே?” சொல்லிக்கொண்டே மறுமுனையைப் பிடித்தாள். உள்ளிருந்து ஒரு பல்லி ஓடியது. “தோ, குடியிருந்தவன் காலி பண்ணிக்கினு போறான்.”

இருவருமாகக் கழுவினார்கள். கால்களில் துரு ஏறியிருந்தது. ஒரு சக்கரம் சுற்றவே மறுத்தது. இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று வைதேகி விட்டுவிட்டாள். அந்த இடமும் தோதானதுதான். காற்று வீட்டிலிருந்து மதில் பக்கமாகத்தான் அடிக்கும். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கரி வாங்கி வந்தாள். கரி கனிந்ததும், கம்பிமேல் கத்திரிக்காயை வைப்பதற்கு முன் அவள் கை ஒரு கணம் நின்றது. இந்தக் கம்பியில் என்னென்ன கிடந்து வெந்திருக்கும் என்று நினைத்தாள். பிறகு வைத்தாள். இரண்டு வருஷத்துப் பிடிவாதம் இவ்வளவு சுலபமாகப் போனது அவளுக்கு நிம்மதியைத் தரவில்லை. கொஞ்சம் அவமானமாக இருந்தது. அவர் கேட்டபோது விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று தோன்றியது. ஆனால் அவர் கேட்டது தோசைக்காக. இப்போது விஷயம் வேறு.

பக்கத்து பர்னரில் சோறு வைத்தாள். சுட்ட கத்திரிக்காயைத் தோலுரித்து, உப்பும் துளி எலுமிச்சையும் விட்டுப் பிசைந்தாள். எல்லாம் நன்றாக ஆறும்வரை வெளியிலேயே வைத்திருந்து, மூடி எடுத்துக்கொண்டு போனாள். அனந்தராமன் மூக்கைச் சுளிக்கவில்லை. கிண்ணத்தில் பாதி தின்றார். வைதேகி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கேந்து?” என்றார்.

“பண்ணினேன்” என்றாள்.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் அடுப்பு மூட்டப்படவில்லை. மேடையைத் துடைத்து, சிலிண்டரை மூடிவிட்டாள். எல்லாம் கொல்லையில். மூடிக்கு அடியில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு நிதானமாக வெந்தது. இரும்புத் தட்டில் எண்ணெயில்லாமல் மெல்லிய அடை வார்த்து ஆறவைத்தாள். சாதக பாதகம் பார்க்கும் வழக்கம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. காஸ் பர்னர் காற்றில் அடிக்கடி அணைந்தது. கரி கனிய நேரமாயிற்று. பக்கத்திலேயே நிற்க வேண்டும். திரும்பிப் பார்ப்பதற்குள் கருகிவிடும். ஆனால் மூடியை மூடினால் வாசனை வெளியே வராமல் அடங்கியிருந்தது. அவர் சாப்பிட்டார். கொஞ்சம்தான், ஆனால் தங்கியது.

இன்னொன்றும் இருந்தது. அதைச் சாதகத்தில் சேர்ப்பதா பாதகத்தில் சேர்ப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாமரத்தடியில் நின்றால் அவருடைய சத்தம் கேட்கவில்லை. வீட்டுக்குள் எந்த மூலையில் இருந்தாலும் அவருடைய இருமல், புரண்டு படுக்கும்போது கட்டில் முனகுவது, மூச்சு, மூச்சுக்கு நடுவிலுள்ள இடைவெளி எல்லாம் அவள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். தூங்கும்போதும் காது தூங்குவதில்லை. இங்கே வந்து முதல் நாள், கரி கனிவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, தோள்கள் தாமாகவே கீழே இறங்கியதை அவள் கவனித்தாள். யாரோ ஒரு குடத்தை அவள் தலையிலிருந்து இறக்கி வைத்தது போல. பிறகு அதற்காகவே வந்தாள். கிழங்கு வெந்த பிறகும் இன்னும் வேகட்டும் என்று நின்றாள். கரியைக் கிளறினாள், சாம்பலைத் தட்டினாள். யாரும் குற்றம் சொல்ல முடியாது, அவருக்காகத்தான் நிற்கிறாள். தனக்குத்தானே இதைச் சொல்லிக்கொள்ளும்போது அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பது அவளை இன்னும் சங்கடப்படுத்தியது. முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த மனிதரின் மூச்சு கேட்காத இடம் ஒன்று வீட்டிலேயே கிடைத்துவிட்டது. அங்கே அவள் அழவும் இல்லை, கடவுளை வேண்டவும் இல்லை. வெறுமனே நின்றாள்.

சூடாமணி ஒரு முற்பகலில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். அனந்தராமனுக்கு அக்கா, வடக்கு மாட வீதிக்காரி, கணவனை இழந்து பல வருஷங்கள் ஆனவள். கையில் கபாலி கோயில் விபூதிப் பொட்டலம். வைதேகி அப்போது கொல்லையில் இருந்ததால் அவள் வந்தது தெரியவில்லை. சூடாமணி தம்பியின் நெற்றியில் விபூதியை இட்டுவிட்டு, வழக்கப்படி தானே காபி போட்டுக்கொள்ளச் சமையலறைக்குப் போயிருக்கிறாள்.

கொல்லைக்கதவில் அவள் குரல் கேட்டபோது வைதேகி இடுக்கியோடு திரும்பினாள்.

“ஏண்டி, அடுப்பு ஏன் சில்லுனு கிடக்கு?”

“வாங்கோ அக்கா. உள்ள மூட்டினா அவருக்கு ஒத்துக்கல. வாசனை. அதான் இங்க…”

சூடாமணி கரியைப் பார்த்தாள். பட்டப்பகலில், வெட்டவெளியில், இரும்புச் சட்டியில் செக்கச்செவேலென்று கனிந்து கிடந்த நெருப்பு. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்த பிறகுதான் வைதேகிக்கும் அது புரிந்தது. இத்தனை நாள் அவளுக்கு ஏன் தோன்றவில்லை? இழவு விழுந்த வீட்டில்தான் உள்ளே அடுப்பு எரியாது. அந்த வீட்டுக்குத்தான் நெருப்பை வெளியே மூட்டுவார்கள்.

“உசிரோட படுத்துண்டிருக்கான்டி” என்றாள் சூடாமணி. குரல் உயரவில்லை. “அவன் படுத்துண்டிருக்கறச்சேயே வெளியில நெருப்பு மூட்டிட்டியே.”

“அக்கா, அவர் சாப்பிடறார். ரெண்டு வாரமா சாப்பிடறார்.”

“எதுல? மாடு சுட்ட சட்டியில! வந்ததே மீன்பாடியில. அன்னிக்கு நீ வேண்டாம்னு சொன்னப்போ, இவளுக்காவது புத்தி இருக்கேன்னு நினைச்சேன்.”

தொட்டியருகே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மண்ணாங்கட்டி தலையைத் தூக்கினாள். “இன்னா பெரிம்மா நீ? சாமி பேரு வச்சிக்கினவன்லாம் பூட்டான், மண்ணாங்கட்டி நான் குந்திக்கினு கீறேன். எமனுக்கு அட்ரஸ் தெரியாமலா இந்த நெருப்பப் பாத்து வரப்போறான்?”

“நீ சும்மா இருடி.” சூடாமணிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. விறுவிறுவென்று உள்ளே போனாள்.

வைதேகி பின்னால் போகவில்லை. கம்பிமேல் கத்திரிக்காய் இருந்தது. அதைத் திருப்பிப் போட்டாள். போயிருக்க வேண்டும். சூடாமணி சிலிண்டரைத் திறந்து, அடுப்பை மூட்டி, வீட்டுக்குள் பால் பொங்கட்டும் என்று ஒரு பாத்திரம் பாலை வைத்தாள். பால் மங்களம். அதில் என்ன வாசனை இருக்கப்போகிறது என்று அவள் நினைத்திருப்பாள். பால் பொங்கும் வாசனை என்று ஒன்று இருப்பதே வைதேகிக்கும் இந்த மூன்று மாதத்தில்தான் தெரியும்.

“வைதேகி!” என்று சூடாமணி அலறியது கேட்டு அவள் ஓடினாள். அனந்தராமன் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். பேசின் எட்டாமல், காலையில் தின்றதெல்லாம் தரையில். சூடாமணி அவர் முதுகைத் தடவிக்கொண்டே, “பால்தானேடா, பால்தானேடா” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

துடைத்து முடித்து, சட்டை மாற்றி, ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்த பிறகு சூடாமணி கூடத்தில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். வைதேகி கட்டிலருகே நின்றாள். அனந்தராமன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“அக்காவைத் திட்டாதே” என்றார்.

“நான் ஒண்ணும் சொல்லலை.”

“வண்டி நன்னா ஓடறதா?”

அவளுக்கு முதலில் புரியவில்லை.

“முத நாளே தெரியும்” என்றார். “மூடி சத்தம் கேட்டுது. கீலுக்கு நான்தானே எண்ணெய் விட்டேன், இன்னும் கிறீச்சுன்னு கத்தலை பார்.” சற்று நேரம் மூச்சு வாங்கினார். “நீ மூடறது கேக்கும். அப்பறம் ரொம்ப நாழிக்கு ஒண்ணும் கேக்காது. ஆத்துல யாருமே இல்லாத மாதிரி இருக்கும்.”

வைதேகி அவருடைய போர்வையைச் சரிசெய்தாள். அது ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது.

“சாதகமெல்லாம் நான் அன்னிக்கே சொல்லிட்டேன். பாதகம் நீதான் சொல்லணும். உபயோகிச்சவள் நீ.”

“காஸ் அணைஞ்சு அணைஞ்சு போறது.”

“ம்.”

“ஒரு சக்கரம் சுத்தலை.”

“அப்பறம்?”

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பக்கத்துச் சந்தும், மதிலும், அதன்மேல் காயப்போட்ட யாரோ ஒருவரின் பச்சைத் துண்டும்தான் தெரிந்தன. “ரொம்ப தள்ளி இருக்கு” என்றாள். “அங்க நின்னா நீங்க கூப்பிட்டாக் கேக்காது.”

அனந்தராமன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். மாணவன் விடையைப் பாதி சொல்லி நிறுத்தும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை. அதில் கோபம் இல்லை.

“சாதகமும் அதானே?” என்றார்.

அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. இவ்வளவு இளைத்துப்போன முகத்திடம் பொய் சொல்ல முடியவில்லை. மெய் சொல்லவும் முடியவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் தன் கையை நகர்த்தி அவள் புடவைத் தலைப்பின்மேல் வைத்தார். அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. சும்மா வைத்திருந்தார்.

“போய் நின்னுக்கோ” என்றார். “வேண்டியிருக்கோன்னோ.”

சாயங்காலம் சூடாமணி வீட்டுக்குத் திரும்பவில்லை. அழுது முடித்த முகத்தோடு சமையலறைக்குப் போனாள். வைதேகி பதறிப் பின்னால் போனபோது, ஒரு பித்தளைச் சொம்பில் வெறும் தண்ணீரை நிரப்பி அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஜலத்துக்கு வாசனை உண்டோடி?”

“கிடையாது அக்கா.”

“அப்ப இது கொதிக்கட்டும். தினம் கார்த்தால அடுப்பை மூட்டி ஒரு சொம்பு ஜலம் வை. உள்ள நெருப்பு இருக்கணும். அப்பறம் நீ கொல்லையில என்ன வேணாப் பண்ணிக்கோ. நான் பாக்கலை.” தண்ணீரில் சின்னச் சின்னக் குமிழிகள் எழும்புவதை இருவரும் நின்று பார்த்தார்கள். சூடாமணி மெதுவாகச் சொன்னாள்: “அந்த மாட்டுச் சட்டியில என்ன குடுத்தே அவனுக்கு?”

“கத்திரிக்காய்.”

“தின்னானா?”

“தின்னார்.”

சூடாமணி தலையசைத்தாள்.

மாசிக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எடை பார்க்கும் இயந்திரத்தின்மேல் அவரை ஏற்றிவிட்டு, வைதேகி முள்ளைப் பார்க்காமல் அவர் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நரம்பு புடைத்த, செருப்பு வார் தழும்பு போட்ட பாதங்கள். “குறையலை” என்றார் டாக்டரம்மா. “அப்படியே இருக்கு. ஏத்திடலாம்.” அனந்தராமன் அவளைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். ஜெர்மன்காரனின் வண்டிக்குச் சாதகத்தில் ஒன்று. அவளுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. குறையவில்லை என்றால் மறுபடி மருந்து, மறுபடி வாந்தி. மறுபடி அந்த மரத்தடி.

மருந்து ஏற்றி அழைத்துவந்த மூன்றாம் நாள், வாசனை மறுபடியும் அவருக்கு எதிரியாயிற்று. காலையில் அடுப்பில் தண்ணீர் கொதித்து இறங்கியிருந்தது. வைதேகி கொல்லையில் கரியைக் கனியவைத்து, கத்திரிக்காயைக் கம்பிமேல் போட்டாள். மூடியை மூடவில்லை. காற்று மதிலை நோக்கி அடித்தது. மாம்பூ உதிர்ந்து அவள் தோளில் விழுந்தது. தோள்கள் இறங்கின.

டிங் டிங் என்று ஒரு சத்தம். அவருடைய எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் தட்டும் சத்தம். சூடாமணி தன் வீட்டுக்குப் போவதற்கு முன், தட்டிக் கூப்பிடட்டும் என்று அந்த டம்ளரைக் கட்டிலருகே வைத்துவிட்டுப் போயிருந்தாள். இங்கேவரை கேட்கும் என்று வைதேகி எதிர்பார்க்கவில்லை.

முதலில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போதுதானே வந்தேன், இதற்குள்ளா? எரிச்சல் வந்தது என்பது தெரிந்த பிறகும் அது போகவில்லை. கத்திரிக்காயைத் திருப்பிப் போட வேண்டிய நேரம். அவள் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அனந்தராமன் கையில் கரண்டியோடு படுத்திருந்தார். பேசின் காலியாக இருந்தது.

“என்ன வேணும்?”

“ஒண்ணும் வேண்டாம்” என்றார். “கேக்கறதான்னு பாத்தேன்.”

“கேக்கறது.”

“சரி, போ.”

அவள் திரும்பி வந்தபோது கத்திரிக்காய் ஒரு பக்கம் கருகி வெடித்திருந்தது. வெந்த பக்கத்தை மட்டும் வழித்து எடுத்து, ஆறவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கொஞ்சம் தின்றார்.